லெபனானில் வெளியே சாப்பிடப் பழகுவது எப்படி: ரொட்டி அடுப்பிலிருந்து மெஸ்ஸே மேசை வரை

பெய்ரூத்துக்குப் புதிதாக வருகிறவர்களைச் சாப்பிட அழைத்துப் போகும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் வாரமே பெரிய உணவகத்துக்குப் போகிறார்கள், மெனுவில் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்கிறார்கள். சுட்ட கறி வந்து சேரும்போது யாருக்கும் வயிற்றில் இடமில்லை.

அதனால் நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் ரொட்டிக் கடை, பிறகு சாண்ட்விச், அப்புறம் வீட்டுச் சமையல் கடை, கடைசியாக மெஸ்ஸே, அதாவது சின்னச் சின்னத் தட்டுகளாகப் பல வகை வரவழைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் பெரிய மேசை. சின்னக் கடையில் தப்பு செய்தால் நஷ்டம் ஒரு ரொட்டியோடு போய்விடும். மெஸ்ஸே மேசையில் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்.

1. கிளம்பும் முன்: காசு, நேரம், சில சொற்கள்

காசைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். 1997 முதல் 2019 பொருளாதார நெருக்கடி வரை ஒரு டாலர் ஏறத்தாழ 1,500 லெபனான் லிரா. 2023-க்குப் பிறகு அது 89,500-ஐ ஒட்டி நிற்கிறது. இதனால் பெரும்பாலான மெனுக்களில் விலை டாலரில்தான் இருக்கும். டாலரைக் கொடுத்தால் மீதி லிராவில் வரலாம். ஆறு பூஜ்யம் வரை எண்ணிப் பழகும் வரை நிதானமாகவே எண்ணுங்கள். 1, 5, 10 டாலர் தாள்கள் கையில் இருக்கட்டும். கிழிந்தது, கறைபட்டது, பேனாவால் எழுதியது எதையும் பல கடைகளில் வாங்க மாட்டார்கள். அட்டை செல்லுமா என்பதை உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நேரம். இங்கே பெரிய சாப்பாடு மதியம்தான். ஒன்றரை, இரண்டு மணிக்குத் தொடங்கும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும். ஏழு மணிக்குப் போனால் வெயிட்டர் மேசை விரிப்பை நீவிக்கொண்டிருப்பார், நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பீர்கள். ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக வருவார்கள், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்கும் அப்படித்தான்.

சொற்களுக்கு வருவோம். அரபியில் ‘ப’வின் வல்லோசை கிடையாது. இங்கே வருகிற ‘ப’ எல்லாவற்றையும் ‘அம்பு’ என்பதில் ஒலிக்கிறதே, அப்படிச் சொல்லுங்கள்.

‘பலா’ என்றால் இல்லாமல்: பலா லஹ்மே, கறி இல்லாமல், பலா பஸல், வெங்காயம் இல்லாமல். ‘நுஸ் நுஸ்’ என்றால் பாதிக்குப் பாதி. ‘பி ஸேத்’ என்றால் எண்ணெயில் செய்தது. இதன் அருமை ஐந்தாம் படியில் தெரியும். ‘பிகஃப்பி’ என்றால் போதும். பில் கேட்க ‘லெ ஹ்ஸாப்’. அடுப்பிலோ ஷவர்மா கம்பியிடமோ நிற்பவரை ‘ம்அல்லிம்’ என்று கூப்பிடுங்கள். பரோட்டா போடுபவரை நாம் மாஸ்டர் என்பது போலத்தான்.

இன்னொன்று. புருவத்தைத் தூக்கி நாக்கால் ‘ம்ச்’ கொட்டினால் ‘இல்லை’ என்று அர்த்தம். அதில் எரிச்சலோ அவமதிப்போ கிடையாது. நம் வீடுகளிலும் இதே ‘ம்ச்’ உண்டு என்பதால் தமிழர்களுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது.

2. காலை: ஃபுர்ன் வாசலில் மனூஷே

ஃபுர்ன் என்பது தெருவுக்குத் தெரு இருக்கும் ரொட்டி அடுப்பு. அங்கே வாங்க வேண்டியது மனூஷே: தட்டிய மாவின் மேல் ஏதாவது பூசிச் சுட்ட ரொட்டி. பத்து மணிக்குள் போய்விடுங்கள். அப்போதுதான் அடுப்பு நல்ல சூட்டில் இருக்கும், ரொட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். மதியத்துக்கு மேல் கிடைப்பது பெரும்பாலும் காலையில் சுட்டு மறுபடி சூடு காட்டியது.

பூச்சு நாலு வகை தெரிந்தால் போதும். ஸாத்தர் என்பது உலர்ந்த காட்டுத் தைம் இலை, சுமாக் புளிப்புத் தூள், எள், உப்பு ஆகியவற்றை ஆலிவ் எண்ணெயில் குழைத்தது. ஜிப்னே என்பது பாலாடைக்கட்டி. கிஷ்க் என்பது தயிரையும் உடைத்த கோதுமையையும் புளிக்கவைத்து உலர்த்திய பொடி. லஹ்ம் பி அஜீன் என்பது கொத்துக்கறி.

முதல் நாள் ஸாத்தரும் ஜிப்னேயும் நுஸ் நுஸ் வாங்குங்கள். முழு ஜிப்னே உப்பும் கனமுமாக இருக்கும், பாதியில் திகட்டும். ஸாத்தரின் புளிப்பு பக்கத்தில் இருந்தால் அந்தக் கனம் தெரியாது.

சுட்டு எடுத்ததும் ‘குத்ரா’ கேளுங்கள். புதினா, தக்காளி, வெள்ளரி, ஆலிவ் வைத்து மடித்துத் தாளில் சுற்றித் தருவார்கள். இதற்குத் தனிக் காசு உண்டு, கொடுக்கலாம். வெறும் ஸாத்தர் தொண்டையில் ஒட்டும். பிறகு வாசலில் நின்றபடியே சாப்பிட வேண்டியதுதான். வீட்டுக்கு எடுத்துப் போனால் தாளுக்குள் ஆவி கட்டி ரொட்டி வதங்கிவிடும்.

‘ஸாஜ்’ என்று பலகை தொங்கினால் அது வேறு அடுப்பு. கவிழ்த்த இரும்புச்சட்டி போன்ற வளைந்த தகட்டின் மேல் மெல்லிய ரொட்டி போடுவார்கள். கூடுதல் மொறுமொறுப்பு, குறைந்த கனம். எனக்கு ஸாஜில் ஸாத்தர், ஃபுர்னில் ஜிப்னே.

புதியவர்கள் செய்யும் தப்பு, சுற்றிக் கொடுத்ததைப் பிரித்துப் பீட்ஸா போல விரித்துக்கொள்வது. எண்ணெயெல்லாம் சட்டையில் வடியும். அப்புறம், அலுவலகத்துக்குள் நுழையும் முன் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸாத்தர் சாப்பிட்டவரை நூறடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

3. ஃபூல் கடை: காலையிலேயே முடிந்துவிடும்

வேகவைத்து எலுமிச்சையும் பூண்டும் சேர்த்த ஃபூல் என்ற ஃபாவா பயறு, கொண்டைக்கடலையை எள் விழுதோடு அரைத்த ஹும்முஸ், முழுக் கொண்டைக்கடலையில் செய்யும் பலீலா, தயிரும் வறுத்த ரொட்டியும் அடுக்கிய ஃபத்தே. இவை காலை உணவு. மதியம் தாண்டினால் நல்ல கடைகளில் பானை காலி.

வெங்காயம், புதினா, முள்ளங்கி, ஊறுகாய் தானாகவே வந்துவிடும், அவற்றுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேருக்கு ஒரு ஃபூல், ஒரு ஃபத்தே தாராளம்.

ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா ஆபத்து. லெபனானில் நம் வடை போலப் பொரிக்கும் ஃபலாஃபெல் மாவிலும் பல இடங்களில் ஃபாவா கலக்கிறார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. சாண்ட்விச் கடை: முதலில் காசு, பிறகு ம்அல்லிம்

கூட்டமான கடைகளில் முதலில் கல்லாவில் சொல்லிப் பணம் கட்டி, சீட்டு வாங்கிக்கொண்டு, அதை ம்அல்லிமிடம் நீட்ட வேண்டும். நேராகக் கம்பி முன் போய் நின்றால் உங்களைத் தாண்டித் தாண்டி எல்லோருக்கும் போய்க்கொண்டிருக்கும். யாரும் உங்களை ஒதுக்கவில்லை. கையில் சீட்டு இல்லை, அவ்வளவுதான்.

கோழி ஷவர்மாவுக்குத் தூம் என்ற வெள்ளைப் பூண்டுக் குழைவும் ஊறுகாயும் போடுவார்கள். மாட்டு அல்லது ஆட்டுக்கறி ஷவர்மாவுக்குத் தராத்தோர், அதாவது எலுமிச்சை சேர்த்த எள் விழுது, கூடவே சுமாக் தூவிய வெங்காயமும் பார்ஸ்லியும். இதை மாற்றிக் கேட்காதீர்கள். கோழியில் கொழுப்பு குறைவு, தூம் அதற்கு ஈரம் தருகிறது. கறியில் கொழுப்பு ஏற்கெனவே உண்டு, அதை வெட்டப் புளிப்பு வேண்டும். ஃபலாஃபெலுக்கும் தராத்தோர்தான். ரோஜா நிறத்தில் நீளமாக இருப்பது பீட்ரூட் சாற்றில் ஊறிய டர்னிப்.

எந்தக் கடை என்று குழப்பமாக இருந்தால் கம்பியைப் பாருங்கள். ஆள் கூட்டம் உள்ள கடையில் கறி வெந்த வேகத்தில் சீவப்படுகிறது. காற்றாடும் கடையில் அது நாள் முழுக்கச் சுற்றி வற்றிக் கிடக்கும்.

தாளை முழுவதும் உரிக்காமல், கடிக்கக் கடிக்கக் கிழித்துக்கொண்டு போங்கள். சாண்ட்விச்சைத் தாங்கிப் பிடித்திருப்பது ரொட்டி அல்ல, தாள்தான்.

5. வீட்டுச் சமையல் கடை: சைவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது

ஹம்ரா போன்ற வேலைப் பகுதிகளில் மதியம் மட்டும் வீட்டுச் சாப்பாடு போடும் சின்ன இடங்கள் உண்டு. அங்கே மெனுவைத் தேடாதீர்கள். ‘ஷூ தாபிகீன் லியோம்?’ என்று கேளுங்கள்: இன்று என்ன சமைத்திருக்கிறீர்கள்? அன்று சமைத்ததுதான் புதிது. மெனுவில் உள்ள மற்றது குளிர்பெட்டியிலிருந்து வரும்.

வறுத்த சேமியா கலந்த சோறும், ஃபஸூலியா (வெள்ளை பீன்ஸ்), பாமியே (வெண்டைக்காய்), முலூக்கியே (ஒருவகைக் கீரை) என ஏதாவது ஒரு குழம்பும் இருக்கும். வெண்டைக்காய் என்றதும் சைவர்கள் கண் மலரும். பொறுங்கள். சோற்றோடு வரும் குழம்பு என்றால் உள்ளே கறி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ‘பி ஸேத்’. இது வெறும் எண்ணெய் என்ற பொருளோடு நிற்பதில்லை. காய்கறியை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, கறி இல்லாமல் செய்து, ஆறவைத்து ரொட்டியோடு சாப்பிடும் ஒரு சமையல் வகை. லூபியே பி ஸேத் என்றால் தக்காளியில் வெந்த பச்சை பீன்ஸ். பாமியே பி ஸேத் என்றால் கறியில்லாத வெண்டைக்காய். ஆறிப்போய் வந்திருக்கிறதே என்று திருப்பி அனுப்பாதீர்கள். அது ஆறித்தான் வர வேண்டும்.

இரண்டாவது சொல் ‘ஸியாமி’, நோன்புக்கு உரியது. கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கறி, பால், முட்டை தவிர்ப்பதால் அந்த வாரங்களில் ரொட்டிக் கடை முதல் இனிப்புக் கடை வரை ஸியாமி வகைகள் தனியே இருக்கும். மற்ற மாதங்களிலும் இந்தச் சொல் வேலை செய்யும். ‘நான் சைவம்’ என்று விளக்கினால் கோழி பரவாயில்லையா என்று கேட்பார்கள். ‘ஸியாமி’ என்றால் கேள்வியே வராது.

முஜத்தரா எப்போதும் கைகொடுக்கும். பயறும் அரிசியும் வேகவைத்து, கருக வறுத்த வெங்காயம் போட்டது. அரிசி முழுசாகத் தெரிந்தால் முதர்தரா என்பார்கள்.

வலைகளும் உண்டு. திராட்சை இலையில் சுருட்டிய வரக் எனப் இரண்டு வகை: பி ஸேத் ஆறியது, சைவம், சூடாக வருவது கறி அடைத்தது. ஹும்முஸ் மேல் கறித்துண்டு தூவி வரலாம், பலா லஹ்மே சொல்லிவிடுங்கள். சூப்பும் சோறும் எலும்புச் சாற்றில் வெந்தவையா என்று கேட்டே ஆக வேண்டும்.

6. மெஸ்ஸே மேசை

இப்போது பெரிய மேசைக்குப் போகலாம். ஸஹ்லே நகரின் பெர்தௌனி ஆற்றங்கரை இதற்குப் பேர்போனது, ஆனால் பெரும்பாலும் கோடைக்கால இடம். மற்ற மாதங்களில் பெய்ரூத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இரவில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்களைச் சேர்ப்பது. நாலு பேர் முதல் ஆறு பேர் சரி. இரண்டு பேர் போனால் ஐந்து தட்டிலேயே மேசை நிரம்பிவிடும், வகை பார்க்க முடியாது. தனியாகப் போகாதீர்கள்.

உட்கார்ந்ததும். அறுக்காத தக்காளி, வெள்ளரி, கீரைக்கட்டு, சில இடங்களில் பாதாம் போன்ற கொட்டைப் பருப்பு வகைகளும் நடுவில் வந்து நிற்கும். இது இலவசமாகவும் இருக்கலாம், பில்லில் ஏறவும் செய்யலாம். வேண்டாமென்றால் அப்போதே எடுக்கச் சொல்லிவிடுங்கள். ஹூக்கா புகை ஆகாதவர்கள் மேசையைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

அரக், குடிப்பவர்களுக்கு. திராட்சையில் வடித்து சோம்புச் சுவையேற்றியது, பாதிக்குப் பாதி சாராயம். எல்லா உணவகத்திலும் கிடைக்காது. திரிப்போலி, ஸைதா பக்கம் பல இடங்களில் வைப்பதில்லை. ஒரு பங்கு அரக், இரண்டு பங்கு தண்ணீர், கடைசியாக ஐஸ். இந்த வரிசை மாறக் கூடாது. ஐஸை முதலில் போட்டால் குளிரில் சோம்பு எண்ணெய் பிரிந்து மேலே ஏடு கட்டிவிடும். என் முதல் மேசையில் நான் அப்படித்தான் செய்தேன். எதிரில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் என் கிளாஸை அப்பால் நகர்த்திவிட்டுப் புதிதாக ஒன்று கலந்து வைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் புது கிளாஸ் வருவதும் அந்த ஏட்டுக்காகத்தான்.

முதல் சுற்று: ஆறியவை. நாலு பேருக்கு ஐந்து தட்டு போதும். பட்டியலைப் பார்க்காமல் சுவையைப் பார்த்துப் பிரியுங்கள். புளிப்புக்குத் தப்பூலே என்ற பார்ஸ்லி சாலட் அல்லது மொறு ரொட்டித் துண்டு கலந்த ஃபத்தூஷ் சாலட், இரண்டில் ஒன்று. எள் விழுதுக்கு ஹும்முஸ் அல்லது சுட்ட கத்தரிக்காயில் செய்யும் முத்தபல், இரண்டில் ஒன்று. தயிருக்கு லப்னே, நீர் வடித்த கெட்டித் தயிர். காய்க்கு ஏதாவது ஒரு பி ஸேத். கடைசித் தட்டு உங்கள் இஷ்டம்.

புதியவர்கள் ஹும்முஸ், முத்தபல், கறி போட்ட ஹும்முஸ் என்று மூன்றையும் சொல்லிவிடுவார்கள். மூன்றிலும் எள் விழுதுதான். ரொட்டியைத் தொட்டுத் தொட்டு அங்கேயே வயிறு அடைத்துவிடும். பாபா கனூஜ் என்று கேட்டால் பல இடங்களில் எள் விழுது இல்லாத, மாதுளைப் பாகு சேர்த்த கத்தரிக்காய்க் கலவைதான் வரும். வெளிநாட்டில் அந்தப் பெயரில் சாப்பிட்டது வேண்டுமென்றால் இங்கே கேட்க வேண்டியது முத்தபல்.

தப்பூலே வந்ததும் கோதுமை எங்கே என்று தேடாதீர்கள். அது பார்ஸ்லி சாலட். கோதுமை ரவை பேருக்குத்தான். லெட்யூஸ் அல்லது முட்டைக்கோஸ் இலையில் அள்ளிச் சாப்பிடுங்கள்.

ரொட்டியைக் கையாள்வது. ரொட்டிதான் கரண்டி. விரல் அளவு கிழித்து, மடித்து, தட்டின் உங்கள் பக்க ஓரத்திலிருந்து அள்ளுங்கள். நடுவில் இருக்கும் எண்ணெய்க் குளத்தை முதல் ஆளாக உடைக்க வேண்டாம். கடித்த துண்டை மறுபடி தோய்க்கவே கூடாது, ஆளுக்கொரு தட்டு இருப்பதே அதற்குத்தான். ரொட்டி பிளாஸ்டிக் பையில் வந்தால், எடுத்ததும் பையை மூடி வையுங்கள். திறந்து வைத்தால் சற்று நேரத்தில் அட்டையாகிவிடும்.

நய்யே. கிப்பே நய்யே என்பது பச்சைக் கறி: நைசாக அரைத்து, கோதுமை ரவை சேர்த்து, மேலே எண்ணெயும் புதினாவும். இளஞ்சிவப்பாக, வழவழவென்று அழகாக இருக்கும். நான் அழைத்துப்போன ஒருவர் பீட்ரூட் மசியல் என்று நினைத்து இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கேட்டார். ‘நய்யே’ என்று காதில் விழுந்தால் பச்சை என்று புரிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் வயிறு பழகாதவர்களும் இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் அன்று வெட்டிய கறி என்று தெரிந்தவர் சொன்னால் ஒழிய விட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் சுற்று: சூடானவை. முதல் தட்டுகள் பாதியான பிறகு மட்டும் சொல்லுங்கள். பாலாடைக்கட்டிச் சுருள் ரகாகாத், பொரித்த கிப்பே, பூண்டும் கொத்தமல்லியும் மிளகாயும் போட்ட உருளைக்கிழங்கு பதாதா ஹர்ரா. நம் நாக்குக்குச் சற்றாவது உறைப்பது இந்தக் கடைசி ஒன்றுதான். மூன்று தட்டு போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் சூடானதும் ஆறியதும் ஒன்றாக வந்து, ரகாகாத் விறைத்துப்போகும்.

மூன்றாம் சுற்று: மஷாவி. சுட்ட கறிக்கு முதலிலேயே சொல்லாதீர்கள். வெயிட்டர் கேட்பார், பிறகு சொல்கிறோம் என்று நிறுத்துங்கள். இந்த ஒரு நிறுத்தத்தைத்தான் நான் அழைத்துப்போகும் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வது. நேரம் வந்ததும் ஆட்களை எண்ணாமல் வயிற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நாலு பேருக்கு இரண்டு பேருக்கான கலவைத் தட்டு வாங்கினாலே மிஞ்சும்: கோழியில் ஷிஷ் தாவூக், கொத்துக்கறியில் கஃப்தா, கறித்துண்டுகள். மேலே பார்ஸ்லியும் வெங்காயமும் தடவிய ரொட்டி மூடியிருக்கும். அதை ஒதுக்கிவிடாதீர்கள். கறிச்சாறு இறங்கிய அந்த ரொட்டிக்காக எங்கள் மேசையில் சண்டையே நடக்கும்.

7. பில்

யார் அழைத்தாரோ அவர் கொடுப்பார் என்பது இங்கே பொதுவான வழக்கம். இளைஞர்கள் இப்போது பிரித்துக்கொள்கிறார்கள், ஆனால் வயதில் பெரியவர் இருக்கும் மேசையில் கால்குலேட்டரை எடுக்காதீர்கள். நீங்கள்தான் கொடுக்க வேண்டுமென்று இருந்தால், கை கழுவப் போவது போல எழுந்து, கல்லாவில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மேசைக்கு வந்த பில்லுக்காக நடக்கும் இழுபறியில் புதியவர் ஜெயிப்பதில்லை.

கொடுக்கும் முன் நாலு வரி பாருங்கள்: பாட்டில் தண்ணீர், அந்தக் காய்கறித் தட்டு, வாட் வரி விலையில் அடங்கியதா தனியா, சேவைக் கட்டணம் சேர்ந்ததா. சேவைக் கட்டணம் இல்லையென்றால் பத்து சதவீதம் அளவில் ரொக்கமாக வைக்கலாம். ஒரு முறை நாங்கள் தொடாத இரண்டு தட்டு பில்லில் இருந்தது. கேட்டதும் அடித்துத் தந்தார்கள், முகம் சுளிக்கவில்லை.

மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

8. காபி

பழம் வரும், பெரும்பாலும் கடையின் கணக்கில். அதன் பிறகு அஹ்வே. சர்க்கரையைக் கொதிக்கும்போதே சேர்ப்பார்கள், அதனால் ஆர்டரிலேயே சொல்ல வேண்டும்: ஸாதே என்றால் சர்க்கரை இல்லை, வஸத் நடுத்தரம், ஹெல்வே இனிப்பு. பால் கேட்காதீர்கள், அது வேறு காபி. வந்தவுடன் குடிக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். கடைசி விரல்கடை அளவைக் கோப்பையிலேயே விட்டுவிட வேண்டும்.

இரவில் காபி தூக்கத்தைக் கெடுக்கும் என்பவர்கள் ‘அஹ்வே பைதா’ கேளுங்கள். பெயர் வெள்ளைக் காபி, உள்ளே காபி கிடையாது: வெந்நீரில் ஆரஞ்சுப் பூ நீர்.

எழுந்திருக்கும்போது உங்களை அழைத்தவரிடம் ‘தாய்மே’ என்று சொல்லுங்கள், இந்த மேசை என்றும் இப்படியே இருக்கட்டும் என்று பொருள். அவர் ‘ஸஹ்தேன்’ என்பார், இரட்டை ஆரோக்கியம் என்று பொருள். அதற்கு ‘அலா அல்பக்’, அதாவது உங்கள் இதயத்துக்கு, என்றுவிட்டு, கட்டித் தந்த பையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.